விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தல்

மன்னார்த் தீவின் தென்கரையில் இன்று 30 காற்றாலைகள் வரிசையாக நின்று சுழல்கின்றன. இலங்கை மின்சார சபை அமைத்த ‘தம்பபவனி’ என்னும் இத்தொகுதி 2020 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு காற்றாலையும் 3.45 மெகாவாற்று ஆற்றலுடையது. முப்பதுஞ் சேர்ந்து 103.5 மெகாவாற்று. நம் முன்னோர் காலத்தில் தோணிகளின் பாயை நிரப்பிய அதே சோளகம் இப்போது மின்வலுவாகி, நடுக்குடாத் துணைமின் நிலையத்திற் சேர்ந்து, மன்னார், வவுனியா வழியே அனுராதபுரத்தை அடைந்து, நாடு முழுவதற்குமான மின்வலையிலே கலக்கின்றது.

காற்று நம் விருப்பப்படி வீசுவதன்று. அது கூடுந்தோறும் குறையுந்தோறும் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்வலு செல்லும், ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமையை எது தாங்கும் என்பவற்றைப் பொறியியலார் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டு பெப்புருவரி 9 ஆந் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் நேர்ந்த ஒரு தடங்கலால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்ததை யாவரும் அறிவர். அதற்குக் காரணம் கணக்குப் பிழையன்று. ஆயினும் ஓரிடத்து இடர் எல்லா இடத்துக்கும் பரவக்கூடிய வலையில் நாம் வாழ்கின்றோம் என்பதை அந்நாள் உணர்த்திற்று. அவ்வலையைப் பரீட்சைக்காக அறுத்துப் பார்த்தல் இயலாது; கணக்கிலேதான் அறுத்துப் பார்த்தல் இயலும். அக்கணக்கின் நெஞ்சமாக உள்ளது தாயங்களைக் காரணிப்படுத்துதல். அதனைச் செய்யும் கணினிச் செய்நிரலை ஒருவர் எழுதிய பின் மற்றொருவர் எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்நாட்டார் ‘அணி’ என வழங்குவதையே நாம் ‘தாயம்’ என்கின்றோம். எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய சதுரம் அது. 12 என்னும் எண்ணை 3, 4 எனக் காரணிப்படுத்துவது போல, ஒரு தாயத்தையும் எளிய இரு தாயங்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம். அவற்றுள் ஒன்றில் மூலைவிட்டத்தின் மேலுள்ள இடங்கள் எல்லாம் பூச்சியம். மற்றதிற் கீழுள்ளவை எல்லாம் பூச்சியம். இவற்றைக் கீழ்முக்கோணத் தாயம், மேல்முக்கோணத் தாயம் என்பர்.

நம் ஊர்க் கம்பியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குப் பாய்வது போல, மின்வலுவும் ஒரு மட்டத்தைப் பின்பற்றிப் பாய்கின்றது. பொறியியலார் அம்மட்டத்தை அவத்தைக் கோணம் என்பர். நடுக்குடாவின் மட்டம் க, மன்னாரின் மட்டம் ச, வவுனியாவின் மட்டம் ட, அனுராதபுரத்தின் மட்டம் 0 எனக் கொள்க. எளிமை கருதி, ஒவ்வொரு கம்பியிலும் செல்லும் மின்வலு அதன் இரு முனைகளின் மட்ட வேறுபாட்டுக்குச் சமம் எனவும், இடையில் எவரும் மின்சாரம் எடுப்பதில்லை எனவும் கொள்க. நடுக்குடாவில் 100 அலகு புகுமாயின்,

க − ச = 100
−க + 2ச − ட = 0
−ச + 2ட = 0

என மூன்று சமன்பாடுகள் கிடைக்கும். இவற்றின் தாயம்:

1  −1  0
−1  2  −1
0  −1  2

இதன் கீழ்முக்கோணக் காரணி:

1  0  0
−1  1  0
0  −1  1

மேல்முக்கோணக் காரணி இதன் கண்ணாடி நிழலேயாம். மூலைவிட்டத்தைச் சுற்றிப் புரட்டினால் ஒன்று மற்றதாகும். இவ்விரண்டையும் பெருக்கினால் முதல் தாயம் மீண்டும் வருவதை மாணவர் தாமே செய்து காண்க. முதற் காரணியை மேலிருந்து கீழாகத் தீர்த்தால் 100, 100, 100 என இடைவிடை வரும்; இரண்டாவதைக் கீழிருந்து மேலாகத் தீர்த்தால் ட = 100, ச = 200, க = 300 என விடை வரும். காற்று மாறி, 100 அலகு 60 ஆகக் குறைந்தாலும் கம்பி மாறாதாகையாற் காரணிகளும் மாறா. இறுதித் தீர்வை மட்டும் மீண்டுஞ் செய்தாற் போதும். காரணிப்படுத்தலின் முதற் பயன் இதுவே.

சமன்பாடுகளை ஒன்றிலிருந்து ஒன்று நீக்கித் தீர்க்கும் முறை பழையது. கோள்களின் பாதையைக் கணித்த காவுஸ் அதனை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தினார். மேலே கண்ட கண்ணாடி நிழல் முறையைத் தந்தவர் நில அளவைப் பணியிலிருந்த பிரெஞ்சு இராணுவ அதிகாரி சொலெஸ்கி. 1910 ஆம் ஆண்டிலே அவர் அதனை எழுதிவைத்தார். 1918 இற் போரிற் காயமுற்று இறந்தார். அவர் முறை 1924 இலேதான் அச்சேறிற்று. அலன் ரியூரிங் 1948 இல் வெளியிட்ட ஆய்வுரையில், நீக்கல் முறை என்பது உண்மையிலே தாயத்தை இரு முக்கோணங்களாகப் பிரிப்பதே எனத் தெளிவாக்கினார்.

மின்வலைகளுக்கு இம்முறை உகந்ததானமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆயிரங் கணுக்களையுடைய வலை ஒன்றின் தாயத்திலே பத்து இலட்சம் இடங்கள் உள்ளன. ஒவ்வொரு கணுவும் நான்கு அயற்கணுக்களோடு தொடுக்கப்பட்டிருப்பின் அவற்றுள் ஏறத்தாழ 5000 இடங்களிலேதான் எண் இருக்கும், மற்றவை பூச்சியம். இத்தகையதை ஐதான தாயம் எனலாம். ஆயின், கணுக்களை எந்த ஒழுங்கில் நீக்குகின்றோம் என்பதைப் பொறுத்து அப்பூச்சியங்கள் நிலைக்கும் அல்லது அழியும்.

இதனை ஊர்வழக்கால் விளக்கலாம். பத்துப் பேர் ஒரே கடைக்காரரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துள்ளனர். ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்து விலகினால் புதிய கணக்கு ஒன்றும் எழாது. கடைக்காரர் முதலிலே விலகிவிட்டாலோ, பத்துப் பேரும் தமக்குள்ளே ஒருவரோடொருவர் கணக்குப் பார்க்க வேண்டி வரும். 45 புதிய கணக்குகள் எழும். பல கம்பிகள் கூடும் கணுவை இறுதியிலும், தனிக்கம்பியின் முனையிலுள்ள கணுவை முதலிலும் நீக்கல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அமெரிக்காவிலே ரின்னி, வோக்கர் என்னும் இரு பொறியியலார் 1967 இல் இவ்வொழுங்கை மின்வலைகளுக்கு வகுத்துக் காட்டினர். ஆதலின், செய்நிரலை ஆராய்வோர் அது நேர்மாறு தாயத்தை முழுவதாகக் கட்டுகின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும். நம் சிறு தாயத்தின் நேர்மாறு 3, 2, 1. 2, 2, 1. 1, 1, 1 என்னும் நிரைகளையுடையது. அதிலே பூச்சியம் ஒன்றேனும் இல்லை. காரணிகள் காத்த சிக்கனத்தை நேர்மாறு கரைத்துவிடுகின்றது.

இனி, யான் செய்த பிழையொன்றைக் கூறுவேன். எம் கணித ஆசிரியர், கணக்குக் கொப்பியை நீட்டும் எந்த மாணவனிடமும் முதலிற் கேட்பது ஒன்றே: “விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீரோ?” பார்த்தோம் என்றால் மட்டுமே கொப்பியைக் கையில் வாங்குவார். அவரிடம் பயின்ற யான், பல ஆண்டுகளுக்குப் பின் காரணிப்படுத்தும் செய்நிரலொன்றை எழுதினேன். திருப்பிப் போட்டும் பார்த்தேன். இரண்டு நிரைத் தாயங்கள் பலவற்றிலும், மின்வலைத் தாயங்கள் சிலவற்றிலும் விடை சரியாகவே வந்தது. என்னிலும் இருபது வயது இளையவரான ஒருவரிடம் அதனை மீளாய்வுக்குக் கொடுத்தேன். இரண்டு நாட்களின் பின் அவர் வந்து, “ஐயா, ச = 1, ட = 2, க = 3 என்னும் மூன்று சமன்பாடுகளை இதனிடம் கொடுத்துப் பாருங்கள்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கேள்வியே விடையாக உள்ள கணக்கு அது; க = 3, ச = 1, ட = 2 எனச் சிறுபிள்ளையுஞ் சொல்லும். என் செய்நிரலோ க = 2, ச = 3, ட = 1 என்றது!

நடந்தது யாதெனின், முதற் சமன்பாட்டிலே க இல்லையாதலால் நிரைகளை இடம்மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் 1 ஆம் 3 ஆம் நிரைகளும், பின்னர் 2 ஆம் 3 ஆம் நிரைகளும் மாறும். வலப்பக்கத்து எண்களையும் அதே ஒழுங்கில் மாற்றல் வேண்டும்: 1, 2, 3 என்பது 3, 2, 1 ஆகி, பின் 3, 1, 2 ஆகும். யான் இறுதியிலிருந்து தொடங்கி மாற்றிவிட்டேன். ஆதலால் 2, 3, 1 வந்தது. இரண்டு நிரைத் தாயத்தில் இடமாற்றம் ஒன்றுக்கு மேல் நிகழாது; ஒரே மாற்றத்துக்கு முன்பின் இல்லை. மின்வலைத் தாயங்களிலோ நிரைகளை மாற்றவேண்டிய தேவையே எழவில்லை. யான் வைத்த பரீட்சைகள் எல்லாம் அப்பிழையைக் காட்ட வல்லன அல்ல. மேலும், நிரையையும் நிரலையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதியிருந்தாலும் அத்தாயங்கள் அதைக் காட்டியிரா. கண்ணாடி நிழல் ஒத்த தாயத்தைப் புரட்டினாலும் அதுவே வருமன்றோ?

திருப்பிப் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, பிழை எங்கே ஒளிந்திருக்கக் கூடுமோ அங்கே வெளிச்சம் படும்படியான கணக்கைத் தேடிப் போட்டுப் பார்த்தல் வேண்டும் என அன்று அறிந்தேன். எழுதியவர் தம் செய்நிரல் நடக்கும் வழியையே எண்ணிக்கொண்டிருப்பார். அது இடறும் வழியைப் பிறரே எளிதிற் காண்பர். மீளாய்வு எழுதியவர் மேலுள்ள ஐயமன்று. அவருக்குச் செய்யும் உதவி.

அடுத்ததாக நோக்கவேண்டியது வகுக்குமெண். ஒவ்வொரு படியிலும் மூலைவிட்டத்திலுள்ள எண்ணால் வகுத்தே மேற்செல்கின்றோம். அது மிகச் சிறியதாயின் என்னாகும்?

0.0002க + ச = 1
க − ச = 1

இவற்றின் உண்மை விடை ஏறத்தாழ க = 1.9996, ச = 0.9996. மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணிப்பான் நம்மிடம் உள்ளதெனக் கொள்வோம். முதற் சமன்பாட்டை 5000 ஆற் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் −5001ச = −4999 என வரும். மூன்று இலக்கத்துக்கு மட்டந்தட்டினால் இரண்டும் 5000 ஆகிவிடும்; ச = 1. அதனை முதற் சமன்பாட்டில் இட்டால் க = 0! இரண்டாவதிற் போட்டுப் பார்த்தால் −1 = 1 என நிற்கும். சமன்பாடுகளை இடம்மாற்றி, பெரிய எண்ணால் வகுத்திருந்தால் ச = 1, க = 2 எனத் தக்க விடை கிடைத்திருக்கும். இக்காலக் கணினிகள் ஏறத்தாழ 16 இலக்கங்களைக் கொள்வன. ஆயினும் படிகள் பெருகுமிடத்து நோய் அதுவே. ஒவ்வொரு நிரலிலும் மிகப் பெரிய எண்ணைத் தேடி மேலே கொணரும் பகுதி செய்நிரலில் உண்டா என்பதை மீளாய்வாளர் முதலிற் பார்ப்பது இதனாலேயே. சொலெஸ்கியின் முறைக்குரிய தாயங்களுக்கு இத்தேடல் வேண்டியதில்லை. ஆனால் வர்க்கமூலங் காணுமிடத்து எதிரெண் வருமாயின், தாயம் அவ்வகையினதன்று என்பது பொருள். அங்கே செய்நிரல் குறியை மாற்றிக்கொண்டு தொடராமல், நின்று அறிவித்தல் வேண்டும்.

வகுக்குமெண் பூச்சியமே ஆகுமாயின்? மீண்டும் நம் கம்பிக்கு வருவோம். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையிலே கம்பி அறுந்ததெனக் கணக்கில் வைத்தால், முதலிரு நிரைகள் 1, −1, 0. −1, 1, 0 ஆகும். முதலாவதை இரண்டாவதோடு கூட்டினால் எல்லாம் பூச்சியம். இரண்டாவது வகுக்குமெண் மறைந்துவிடுகின்றது. இங்கே அப்பூச்சியம் இடையூறு அன்று. அது ஒரு செய்தி. ‘நடுக்குடாவிற் புகும் மின்வலுவுக்குப் போக வழியில்லை’ என்பதைத் தாயம் தன் மொழியிற் சொல்கின்றது.

இச்செய்தி மூவகையில் தொலையக்கூடும். கணக்கு நின்றுவிடுமே என அஞ்சி, பூச்சியத்துக்குப் பதிலாக மிகச் சிறிய எண்ணொன்றை இட்டுத் தொடர்வது ஒன்று. அப்பொழுது விடைகள் கோடிக்கணக்காகப் பெருகுமேயன்றிக் கம்பி அறுந்தது தெரியாது. ‘வகுக்குமெண் பூச்சியத்துக்குச் சமமா?’ என மட்டுங் கேட்பது மற்றொன்று. கணினி 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டி 0.3 ஐக் கழித்தாற் பூச்சியம் வருவதில்லை; தசமப் புள்ளியின்பின் 16 பூச்சியங்களைக் கடந்து ஓர் எச்சம் நிற்கும். ஆதலால் பூச்சியமா என வினவாது, தாயத்தின் ஏனைய எண்களோடு ஒப்பிடப் புறக்கணிக்கத்தக்கதா என வினவல் வேண்டும். மூன்றாவது மிகச் சாதாரணமானது. 1979 இல் வெளிவந்த லின்பாக், 1992 இல் வெளிவந்த லாபாக் போன்ற பெயர்பெற்ற மென்பொருட் தொகுதிகள் உள்ளன. காரணிப்படுத்தலைத் தாமே எழுதாது அவற்றை அழைத்துப் பயன்கொள்வதே பெரும்பாலும் நன்று. லாபாக், தன் வேலை முடிவில் ஓர் எண்ணைத் திருப்பியனுப்பும்: 0 எனின் நலம், பூச்சியத்திலும் பெரிதெனின் எத்தனையாவது வகுக்குமெண்ணில் இடர் என்பதைக் காட்டும். அழைத்தவர் அந்த எண்ணைப் படியாமலே விடையை எடுத்துக்கொண்டு செல்வதைப் பல செய்நிரல்களிற் காணலாம். கடிதத்தைப் பிரியாமலே பெற்றுக்கொண்டோம் என ஒப்பமிடுவது போன்றது அது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் விடை நம்பத்தகாததாக இருத்தல் கூடும். பேசாலையிலிருந்து கடலுக்குச் செல்லும் தொழிலாளர் கரையிலுள்ள இரு அடையாளங்களைப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தை நிச்சயிப்பர். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் இடம் திட்டமாகத் தெரியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில் நின்றால், பார்வை சிறிது பிசகினும் இடம் வெகுதூரம் பிசகும். சமன்பாடுகளும் அத்தகையனவே.

க + ச = 2
க + 1.001ச = 2.001

இவற்றின் விடை க = 1, ச = 1. ஒருவர் க = 2, ச = 0 எனக் கொண்டுவந்தால், திருப்பிப் போட்டுப் பார்க்குமிடத்து முதலாவது முற்றும் பொருந்தும்; இரண்டாவதில் 0.001 மட்டுமே குறையும். மீதி அற்பம், விடையோ முழு ஒன்று பிழை. எம் ஆசிரியரின் வினாவும் இங்கே தனித்து உதவாது.

இவ்விடத்தை விளக்கியவர் வில்க்கின்சன். படிகள் கூடக்கூட மட்டந்தட்டற் பிழை மலைபோற் பெருகும் என 1943 இல் ஹோட்டலிங் அஞ்சினார். ஆனால் 1946 அளவில் ரியூரிங்கும் வில்க்கின்சனும் தம் தோழரோடு மேசைக் கணிப்பொறி கொண்டு 18 சமன்பாடுகளைத் தீர்த்தபொழுது, திருப்பிப் போட்டுப் பார்த்த மீதி வியக்கத்தக்க அளவு சிறியதாயிருந்தது. பின்னர் 1961 இல் வில்க்கின்சன் அதன் காரணத்தை நிறுவினார்: வகுக்குமெண்ணை நன்கு தேர்ந்து செய்த கணக்கு, பெரும்பாலும், கேட்ட வினாவுக்கு மிக அண்மையான வேறொரு வினாவின் சரியான விடையைத் தரும். அண்மையான வினாக்களுக்கு அண்மையான விடைகள் உண்டா என்பது செய்நிரலின் பொறுப்பன்று. அது வினாவின் இயல்பு. ஆதலால், நல்ல செய்நிரல் விடையோடு நில்லாது, வினா எவ்வளவு நொய்யது என்பதற்கான மதிப்பையுஞ் சேர்த்துத் தருதல் வேண்டும். அதைத் தருகின்றதா எனக் கேட்பது மீளாய்வாளரின் கடைசிக் கடமை.

கடைசி என்றேன், கணக்குக்கு அப்பாலும் ஒன்றுண்டு. தாயம் நாம் கேட்ட வினாவுக்கே விடை தரும். மன்னாருக்கு வந்துபோகும் பறவைகளையும், 2025 இற் புதிய காற்றாலைகளை எதிர்த்துத் தெருவில் நின்ற மக்களின் வாழ்வையும் அதன் நிரைகளில் எவரும் எழுதிவைக்கவில்லை. கம்பி தாங்கும் என்னும் விடை, ஊர் தாங்கும் என்னும் விடையாகாது.

விழாக் காணும் நம் கல்லூரியில் இன்று கணினி பயிலும் மாணவர், யாம் கரும்பலகையிலே மணிக்கணக்காகச் செய்ததை இமைப்பொழுதிற் செய்து முடிக்கின்றனர். அவர்களிடம் யான் வேண்டுவது சிறிது. நீர் எழுதியதை உம் தோழரிடம் கொடும். அவர் எழுதியதை நீர் வாங்கிப் பாரும். திருப்பிப் பெருக்கும், இடம்மாறும் மூன்று நிரைகளைக் கொடும், ஒரு கம்பியை அறுத்துக் கொடும். செய்நிரல் ‘இதற்கு என்னால் விடை கூற இயலாது’ எனத் தெளிவாகச் சொல்கின்றதா எனக் கவனியும். பிழையைக் காட்டியவரிடம் கோபங் கொள்ளாதீர். என் பிழையைக் காட்டிய அவ்விளைஞர் இன்றும் என் நண்பர். யான் எழுதுவது எதுவும் முதலில் அவர் கைக்கே செல்கின்றது. இக்கட்டுரையிலுள்ள கணக்குகளையும் அவரே திருப்பிப் போட்டுப் பார்த்தார்.